வாசகர் கேள்வி – பதில்: மலைக்கு ஏற்ற லேசான கேரவன் அவ்னிங்

கேரவன் கதவுக்கு முன்னால் கட்டும் சிறிய துணி முகப்பைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடைகளில் ‘போர்ச் அவ்னிங்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இங்கே சுருக்கமாக அவ்னிங் என்றே எழுதுகிறோம்.

டிராவலர் வேனைக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். செருப்புக் கழற்றவும், இரண்டு நாற்காலி போடவும், மழையில் நனையாமல் ஏறி இறங்கவும் ஓர் அவ்னிங் வேண்டும். எட்டு கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை காட்டுகிறார்கள். லேசானதே போதும் என்கிறார் என் மனைவி. மலைக்காற்றுக்கு அது நிற்குமா?
– கோத்தகிரி வாசகர்

நிற்கும். ஆனால் எடை எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். துணியில் குறைந்திருந்தால் நல்லது. தரையில் அடிக்கும் முளையிலும் அதில் கட்டும் இழுகயிற்றிலும் கைவைத்து எடையைக் குறைத்திருந்தால் மலைக்கு உதவாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.6 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் ஆழம் உள்ள அவ்னிங்குக்குக் கூரை, முகப்பு, இரண்டு பக்கம், மடிப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 23 சதுர மீட்டர் துணி பிடிக்கும். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு; எண் கூடினால் துணி தடிக்கும். 150 டெனியர் பாலியஸ்டர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் என்று வைத்தால் துணி மட்டும் 3 கிலோ. 300 டெனியர் என்றால் நாலரைக் கிலோ, 600 டெனியர் என்றால் ஏழு கிலோ பக்கம் வரும். லாரிக்குப் போடுகிற பி.வி.சி. தார்ப்பாய்த் துணியில் தைத்தால் அதே அளவுக்குப் பதினொரு கிலோவைத் தாண்டும். மூன்று பேர் உள்ள குடும்பம், ஓரிரு இரவு தங்கல் என்றால் கூரைக்கு 300 டெனியர், பக்கங்களுக்கு 150 டெனியர் என்று கலந்து தைத்ததைத் தேடுங்கள். வெயிலும் மழையும் நேரே விழுவது கூரையில்தான். பக்கத் துணி லேசாக இருந்தால் நஷ்டமில்லை.

நைலான் துணியைத் தவிர்த்துவிடுங்கள். நனைந்தால் நைலான் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவில் தொங்கிப்போகும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது.

துணியின் லேபிளில் நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். எத்தனை மி.மீ. உயரத் தண்ணீரை அந்தத் துணி கசியவிடாமல் தாங்கும் என்பதுதான் அந்த எண். 1,500 இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். காற்றோடு சேர்ந்து அடிக்கும் மலைமழைக்குக் கூரை 3,000ஆவது இருக்கட்டும். அதற்கு மேல் 6,000, 10,000 என்று எண்ணுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். துணி கசிவதற்கு முன்பே தையல்தான் கசியும். கூரையை உட்புறமாகத் திருப்பி, எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் நகத்தில் மாட்டி உரிந்து வந்தால் அந்தத் துணி வேண்டாம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிராக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் துணி சாயம் வெளுத்து, தையல் நூல் இற்றுப்போகும். வேலை முடிந்தால் அவிழ்த்துவிடுவதுதான் லேசான துணிக்கு ஆயுள்.

அடுத்து கம்புகள். ஒரே பருமன், ஒரே தடிப்பு என்றால் இரும்புக் குழாய் அலுமினியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். ஃபைபர்கிளாஸ் கம்பு இரும்பைவிட லேசு, காற்றுக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் அது ஒடிந்தால் சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. உதிரித் துண்டு ஒன்றும், ஒடிந்த இடத்தில் மாட்ட உள்ளே நுழையும் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். எங்கள் தேர்வு இதுதான்: குறுக்கே வளைந்து வரும் கம்புகள் ஃபைபர்கிளாஸ், முன்னால் நிற்கும் இரண்டு கால்களும் அலுமினியம்.

இப்போது காற்று. மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று சமவெளியில் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ அழுத்தம் தரும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் 13 கிலோ அளவில் நிற்கும். உங்கள் அவ்னிங்கின் முகப்பு 5 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆக எழுபது கிலோ தள்ளும். வேகம் பாதியானால் தள்ளுவது கால் பங்காகக் குறையும். வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நடுவட்டம், அவலாஞ்சி, கூடலூர் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவம் நேரே வந்து மோதுகிற இடங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஆனி, ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எந்த அவ்னிங்கையும் இரவில் விரித்து வைக்க வேண்டாம். உங்கள் கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருக்கிறது. உங்களுக்குச் சோதனை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

எனவே மொத்தம் 10 முதல் 13 கிலோ வரை உள்ளதை எடுங்கள். அதில் இரண்டு கிலோவாவது முளைகளாக இருக்கட்டும். பையோடு வரும் மெல்லிய முளைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். 8 மி.மீ. தடிப்பில் 30 செ.மீ. நீளமுள்ள இரும்பு முளை ஒன்று 120 கிராம், பதினாறு சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சேமிக்கக் கூடாத எடை இது ஒன்றுதான்.

வாங்கும் முன் உயரம் அளக்க மறக்காதீர்கள். வண்டியைச் சமமாக நிறுத்தி, தரையிலிருந்து அவ்னிங் மாட்டும் ரெயில் வரை டேப் பிடியுங்கள். இழுவைக் கேரவனுக்குத் தைக்கப்பட்டவை பெரும்பாலும் 235 முதல் 250 செ.மீ. உயரத்துக்கு வரும். வேன்களுக்கு வேறு உயரங்களில் தனியாக உண்டு. மலையில் சமதரை கிடைக்காது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பீர்கள். ஆகவே கட்டை வைத்த பிறகு இன்னொரு முறை அளந்து, அந்த இரண்டு உயரத்துக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிரிட்டனிலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் வண்டி ஓடுகிறது, ஆகவே அங்கே செய்த அவ்னிங் இடப்பக்கக் கதவுக்கு ஒத்துவரும். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரும்பாலும் கதவு வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தைத்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

எங்கள் வண்டியில் ரெயிலே இல்லை. காந்தம் வைத்து ஒட்டலாம், ரப்பர் உறிஞ்சி போதும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கரூரில் பாடி கட்டியவரிடமே கேட்கலாமா?
– கொடைக்கானல் வாசகர்

அவரிடமே கேளுங்கள், அதுதான் சரி. ரப்பர் உறிஞ்சி கொடைக்கானலுக்கு ஆகாது. இரவில் பாடி குளிர்ந்து மேலே ஈரம் படியும், ரப்பரும் குளிரில் விறைக்கும், விடியும் முன் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். காந்தம் இரும்புத் தகட்டில் பிடிக்கும். பாடியின் மேல்பகுதி ஃபைபர் என்றால் பிடிக்காது. இரும்பிலும்கூடக் காந்தம் வெயில் மறைப்புக்குத்தான் போதும், காற்றை நம்பி விட முடியாது.

அலுமினிய ரெயில் 2.8 மீட்டர் நீளம் போதும். மழைநீர் வடியும் விளிம்புக்குக் கீழே, கதவு திறந்தால் துணியில் இடிக்காத உயரத்தில் வர வேண்டும். முதலில் கதவை முழுவதும் திறந்து வைத்துக் குறி போடச் சொல்லுங்கள். துளை போட்ட இடத்தில் பச்சை இரும்பு தெரியும். அங்கே துரு தடுக்கும் பிரைமர் அடிக்காமல் ரிவெட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் துரு வழிய ஆரம்பிக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அரிப்பு வரும். அதனால் ரெயிலுக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் (பிசின்போல் ஒட்டும் ரப்பர் நாடா), பிறகு 12 முதல் 15 செ.மீ.க்கு ஒரு ரிவெட், கடைசியாக மேல் விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட். கீழ் விளிம்பை அடைக்க வேண்டாம். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

ரெயிலின் இரண்டு வாயும் கத்திபோல் இருக்கும். அரத்தால் தேய்த்து, வாயைக் கொஞ்சம் அகட்டிவிடச் சொல்லுங்கள். அவ்னிங் கிழிவது அதிகமும் காற்றில் அல்ல, பீடிங்கை, அதாவது துணி விளிம்பில் தைத்த உருண்டைக் கயிற்றோரத்தை, ரெயிலில் நுழைக்கும் இந்த இடத்தில்தான். ஒருவர் வாயருகில் நின்று பீடிங்கை நேராக ஊட்ட வேண்டும், இன்னொருவர் மறுமுனையிலிருந்து இழுக்க வேண்டும். சிக்கினால் பலமாக இழுக்காமல் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி மறுபடி இழுங்கள். பீடிங் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும்.

பீடிங்கின் பருமனும் முக்கியம். சாதாரண கேரவன் ரெயிலுக்கு 6 மி.மீ. பக்கம். சுருட்டும் பெட்டி அவ்னிங்கின் (வண்டியின் மேலே பெட்டிக்குள் துணி சுருண்டிருக்கும் வகை) முன் விளிம்பில் உள்ள குழி 4 மி.மீ. பீடிங்குக்கு. ஒரு பக்கம் 6, மறுபக்கம் 4 மி.மீ. உள்ள இணைப்புப் பட்டையும் கிடைக்கிறது. எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சுருட்டும் பெட்டி அவ்னிங் நிரந்தரமாக மேலேயே மாட்டிவிட்டால் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டாமே?
– மேட்டுப்பாளையம் வாசகர்

சௌகரியம்தான். ஆனால் மூன்று மீட்டர் பெட்டி இருபது கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் உச்சியில், ஒரே பக்கத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. எடை கீழே, அச்சுக்கு அருகே இருப்பதுதான் வளைவில் நல்லது. துணி அவ்னிங்கைப் பையில் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்துவிடலாம். பெட்டி அவ்னிங்கோடு பக்கச் சுவரும் சேர்ந்து வராது, காற்று எழுந்தால் உடனே சுருட்டியாக வேண்டும். பகல் நிழலுக்கு மட்டும் என்றால் வாங்குங்கள்.

கம்புக்குப் பதிலாகக் குழாயில் காற்றடைக்கும் வகை அவ்னிங் வாங்கினோம். மாலையில் 7 பி.எஸ்.ஐ. அடித்து வைத்தால் காலையில் தளர்ந்து நிற்கிறது. பஞ்சரா?
– ஊட்டி வாசகர்

மார்கழி, தை மாதம் என்றால் பெரும்பாலும் பஞ்சர் அல்ல. மாலை 20 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. அடித்த குழாய், உறைபனி விழும் விடியலில் பூஜ்ஜியத்துக்குப் போனால் தானாகவே 5.7 அளவுக்கு இறங்கும். காற்று எங்கும் போகவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. அதே குழாய் மதிய வெயிலில் 35 டிகிரி சூடானால் எட்டுக்கு அருகில் போகும். ஆகவே காலையில் தளர்ச்சியைப் பார்த்துவிட்டு ஏழுக்கு ஏற்றினால், வெயில் ஏறியதும் அளவு ஒன்பதைத் தாண்டிவிடும். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வெயில் போன பிறகு, குளிர ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு முறை சரிபார்த்து ஏற்றுங்கள், காலையில் தொடாதீர்கள்.

உண்மையான கசிவா என்று அறிய ஒரே வெப்பநிலையில் இரண்டு முறை அளக்க வேண்டும். இன்று மாலை ஆறு மணி, நாளை மாலை ஆறு மணி. அரை பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்திருந்தால் சோப்பு நுரையை முதலில் வால்வின் மேல் தடவுங்கள். மணல் துகள் ஒன்று வால்வின் ரப்பரில் உட்கார்ந்திருந்தாலே காற்று போகும். வால்வில் இல்லையென்றால்தான் உறையின் ஜிப்பைத் திறந்து உள் குழாயை எடுக்க வேண்டும்.

காற்று வகை கட்டுவதற்குச் சுலபம். ஆனால் பம்போடு சேர்த்தால் அதே அளவுள்ள கம்பு அவ்னிங்கைவிடக் கனம் கூடும். ஒடிந்த கம்பை வழியிலேயே கட்டிச் சமாளிக்கலாம், வெடித்த குழாயை அப்படிச் செய்ய முடியாது. எடைதான் முதல் கவலை என்றால் எங்கள் ஓட்டு கம்புக்கே.

ஐப்பசி மழையில் கூரை நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கி, முளைகள் பிடுங்கிக்கொண்டு அவ்னிங் சரிந்துவிட்டது. ஓர் இரவுதான் ஆகியிருந்தது. தவறு எங்கே?
– குன்னூர் வாசகர்

இரண்டு இடத்தில் இருக்கலாம்.

முதலாவது சாய்வு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் 50 கிலோ. அந்தப் பாரத்தில் துணி இன்னும் தொங்கும், குழி பெரிதாகும், மேலும் தண்ணீர் சேரும். ஆரம்பத்திலேயே நிற்கவிடக் கூடாது. ரெயில் இரண்டரை மீட்டர் உயரம் என்றால் முன்பக்கம் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 2.2 மீட்டர் ஆழத்துக்கு அரை மீட்டர் இறக்கம் கிடைக்கும். மழை கனமாகும் என்று தெரிந்தால் முன் கால்களில் ஒன்றை இன்னும் 15 செ.மீ. இறக்குங்கள். தண்ணீர் அந்த மூலைக்கே ஓடி வடிந்துவிடும். வேன் நிற்கும் மேட்டுப் பக்கமாக அந்த மூலை வந்தால் வடிந்த தண்ணீர் உள்ளே திரும்பும், பள்ளத்துப் பக்கத்து மூலையையே இறக்க வேண்டும். நடுவே தாங்கும் குறுக்குக் கம்பு ஒன்று தனியாகக் கிடைக்கும், அரைக் கிலோகூட வராது. குன்னூர் மழைக்கு அது கட்டாயம்.

இரண்டாவது மண். மலைச் செம்மண் காய்ந்திருக்கும்போது இறுக்கமாகத் தெரியும். ஒரு நாள் மழை ஊறினால் உருண்டை முளை வெண்ணெயில் குத்தியதுபோல் வழுக்கி வரும். அந்த மண்ணுக்கு வி வடிவத் தகட்டு முளை அல்லது திருகு முளை வேண்டும். மண்ணைப் பிடிக்க அதற்குத்தான் பரப்பு உண்டு. 30 செ.மீ. போதாது என்று தோன்றினால் 40 செ.மீ. வாங்குங்கள். ஜல்லி கொட்டிய இடத்திலோ கப்பிச் சாலை ஓரத்திலோ இது நுழையாது, அங்கே உருண்டை இரும்பு முளைதான். இரண்டு வகையிலும் எட்டெட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முளையின் தலை அவ்னிங்குக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்தித்தால் பிடி நன்றாக இருக்கும். முளை நேராக நின்றால் கயிறு மேலே வழுக்கும். முன் மூலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கயிறு: ஒன்று முன்னோக்கி, ஒன்று பக்கவாட்டில். கயிற்றின் முனையில் ஒரு ஸ்பிரிங் அல்லது ரப்பர் வளையம் இருந்தால் காற்று வீச்சின் உதறல் முளைக்கு நேரே போகாது. கூரை மேல் குறுக்கே போட்டு இரு பக்கமும் தரையில் கட்டும் நாடாப் பட்டை ஒன்று பலத்த காற்றுக்கு மிகவும் உதவும். மழை விட்டதும் எல்லாக் கயிற்றையும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியும் சீகை (வாட்டில்) மரத்தடியும் நிழலாக இருக்கும். மழையில் மண் இளகினால் அவை வேரோடு சாய்வதை மலையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வெட்டவெளி காற்றானாலும் அதுவே மேல். வனத்துறை நிலத்திலும் சாலையோரத்திலும் கட்ட வேண்டாம், அனுமதியுள்ள இடத்தில் மட்டும்.

அவ்னிங் உள்ளே சமைக்கலாமா? குளிருக்குக் கரி அடுப்பு வைக்கலாமா?
– கொடைக்கானல் வாசகி

கரி அடுப்பு எந்த நிலையிலும் கூடாது, அம்மா. கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. அவ்னிங் கதவு வழியாக அந்த வாயு வண்டிக்குள்ளும் புகும். கேஸ் அடுப்பையும் வெளியே, துணியிலிருந்து தள்ளி வையுங்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பூசிய பாலியஸ்டர் தீப்பட்டால் உருகிச் சொட்டும்.

சமைத்த பாத்திரமும் குப்பைப் பையும் இரவில் அவ்னிங்கில் இருக்கக் கூடாது. குரங்கு பகலில் கிழிக்கும், கரடி இரவில் கிழிக்கும். காட்டுமாடு நடமாடும் இடத்தில் இழுகயிறுகளில் வெள்ளைத் துணியோ ஒளி பிரதிபலிக்கும் நாடாவோ கட்டிவிடுங்கள். இருட்டில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காலுக்கும் அது நல்லது.

அவ்னிங் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வருகிறது. போன வருடம் மழையில் மடித்து வைத்தது. சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?
– கூடலூர் வாசகர்

பிசுபிசுப்பு என்றால் உட்பூச்சான பி.யு. சிதைந்துவிட்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூச்சை உடைக்கின்றன. துவைத்தால் மீளாது. அந்தக் கூரைத் துணியை மாற்றத்தான் வேண்டும். ஜிப்பும் ஜன்னலும் நன்றாக இருந்தால் கோயம்புத்தூரில் கூடாரம் தைப்பவரிடம் கூரையை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

கரும்புள்ளி மட்டும் என்றால் அது பூஞ்சணம். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான ஸ்பாஞ்சும் போதும். சலவைத்தூள் வேண்டாம். வெளிப்பக்கம் நீர் உருண்டு ஓடுவதற்கான பூச்சை அது கழுவிவிடும், பிறகு துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். கழுவிக் காய்ந்ததும் நீர் விலக்கும் ஸ்பிரே ஒரு முறை அடியுங்கள்.

மழைக்காலத்தில் மலையில் காய வைக்க இடம் கிடைக்காது. ஈரமாகத்தான் மடிக்க நேரும். அப்போது பையில் திணிக்காமல் தளரச் சுருட்டி, கூடலூரிலிருந்து சமவெளிக்கு இறங்கியதும், இல்லையென்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் வீட்டு மாடியில் நிழலில் விரித்துவிடுங்கள். மடிப்பும் தையலும் துணியைவிட ஒரு நாள் பிந்திக் காயும். அவற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் பையில் போட வேண்டும். உறைபனிக் காலையில் பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்காதீர்கள். குளிரில் விறைத்த பி.வி.சி. மடிப்பில் வெடிக்கும். வெயில் பட்டு இளகியதும், நடுவே ஒரு பழைய பருத்தி வேட்டியை வைத்துச் சுருட்டுங்கள்.